புளியறையைத் தாண்டிய மீசை

பேச்சிராஜுக்கு மீசை முளைக்கக் கல்லூரி இரண்டாம் வருடம் வரை ஆனது. முளைத்த கையோடு, தொலைதூரம் போக ஒரு டூரிங் சைக்கிள் கட்டப்போவதாக எங்கள் வகுப்பில் அறிவித்தான். மீசை ஓரளவு முடிந்துவிட்டது. சைக்கிள் முடியவில்லை.

கடையில் போய் ஒரு முழுச் சைக்கிளை வாங்குவது அவனுக்கு இழுக்கு. கோயம்புத்தூரில் ஒருவரிடம் சொல்லி, ஸ்டீல் குழாயில் பிரேம் மட்டும் செய்து வரவழைத்தான். அலுமினியம் ஒடிந்தால் ஒடிந்ததுதான், ஸ்டீல் என்றால் உலகத்தின் எந்த மூலையிலும் ஒரு வெல்டிங் பட்டறையில் ஒட்டிக்கொள்ளலாம் என்றான். அதுவரை அவன் போயிருந்த மூலை நாகர்கோவில். மாமா கல்யாணத்துக்கு, வேனில்.

பிரேம் மேலகரத்தில் அவன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே தொங்கியது. மற்ற பாகங்களை அவன் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான். சக்கரத்துக்கு முப்பத்திரண்டு கம்பியா முப்பத்தாறா என்பதில் ஆவணி போனது. ஹேண்டில்பார் வளைந்ததா நேரானதா என்பதில் பரீட்சை போனது. தோல் சீட் உட்கார உட்காரத்தான் உடம்புக்குப் படியும் என்று எங்கோ படித்துவிட்டு, வந்த சீட்டை நாற்காலியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தே சாப்பிட்டான். அவன் அம்மா பாலம்மாள் பிரேமில் துணி காயப்போட்டார்.

"ஏலே, இது என்னைக்கு ஓடும்?"

"பிரேக்கு எதுன்னு முடிவாகணும்மா."

"உங்கப்பாவைக் கட்டிக்கிடக்கூட நான் இம்புட்டு யோசிக்கலையே."

அது தெரிகிறது என்று நான் சொல்லவில்லை. எனக்கான காபி இன்னும் அவர் கையில் இருந்தது.

எங்கள் வகுப்பு சுகந்திக்கு ஊர் புளியறை. கேரளாவுக்குப் போகிற ரோட்டில், செக்போஸ்ட்டுக்குச் சற்று முன்னால் அவள் அப்பா மாடன் புரோட்டாக்கடை வைத்திருக்கிறார். கொல்லம் வரை மிதித்துப் போய்க் கடலைத் தொட்டுவிட்டு வரப்போவதாகப் பேச்சிராஜ் கேன்டீனில் நூறாவது தடவையாகச் சொன்னபோது அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கொல்லத்தை விடு. எங்க கடையைத் தாண்டி, செக்போஸ்ட்டைத் தாண்டிக் காட்டு. இந்தச் சாரல் சீசன் முடியுறதுக்குள்ள."

"தாண்டலன்னா?"

"மீசையில ஒரு பக்கம் எடுத்துரணும்."

"எந்தப் பக்கம்?" என்று நான் கேட்டேன். நிபந்தனை என்றால் தெளிவாக இருக்க வேண்டும்.

"அதை அவனே தேர்ந்தெடுக்கட்டும். அதுக்கு ஒரு வருசம் ஆவும்லா."

அந்த ஒரு வார்த்தையில் பிரேக் முடிவானது. முன்னும் பின்னும் டிஸ்க். சாரலின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் தெருவில் இறங்கியது. பச்சைப் பிரேம், நாலு பை, தண்ணீருக்கு மூன்று பாட்டில். நான் அப்பாவின் மொபெட்டில் பின்னால் போனேன், சாட்சியாக.

குற்றாலம் மெயின் அருவிப் பக்கம் போட்டோ எடுக்க நிறுத்தினான். அங்கேதான் சனி பிடித்தது. எண்ணெய் மசாஜ் முடித்து, துண்டைக் கட்டிக்கொண்டு, அருவிக்கு நடந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள்.

"தம்பி, சக்கரத்துல என்ன தோசைக்கல்லு?"

"டிஸ்க் பிரேக்கு அண்ணாச்சி."

"நல்லா வழுவழுன்னு இருக்கே!"

ஒரு வருடமாக அந்தச் சைக்கிளை யாரும் பாராட்டியதில்லை. டிஸ்க்கில் விரல்ரேகைகூடப் படக்கூடாது என்று எனக்கே வகுப்பெடுத்தவன், பல்லெல்லாம் தெரிய, "தொட்டுப் பாருங்க அண்ணாச்சி, பின்னாலயும் ஒண்ணு இருக்கு" என்றான். சொட்டச் சொட்ட எண்ணெயோடு குடும்பம் குடும்பமாகத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் துடைத்தும் விட்டார், தன் துண்டால்.

செங்கோட்டையில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் காலைத் தரையில் தேய்த்துத்தான் நின்றான்.

"என்னலே பிரேக்கு?"

"புது பிரேக் பேடு. டிஸ்க்கைக் கவ்வப் பழகணும்லா."

புளியறை நெருங்க நெருங்க மலை பெரிதானது. மேகம் பாதி மலையை மூடியிருந்தது. பேச்சிராஜ் மெதுவாக மிதித்தான். அந்த முகம் எனக்குத் தெரியும். ஒரு பாகத்தை மாற்றப்போகிற முகம்.

"டயரு ஒல்லியோன்னு தோணுதுலே. மலைக்கு இது பத்தாது. சுகந்தி கடையில டீ குடிச்சிட்டுத் திரும்பிருவோம்."

"மீசை?"

மீசையை ஒரு தடவை நீவிக்கொண்டான். "வளரும்லா" என்றான்.

கடைக்கு முன்னால் சின்ன இறக்கம். சுகந்தி கையில் டீயோடு வாசலில் நின்றாள். பேச்சிராஜ் தூரத்திலேயே ஆரம்பித்துவிட்டான்.

"ஏட்டி சுகந்தி, டயரை மாத்த..."

இரண்டு பிரேக்கையும் பிடித்தான். சைக்கிள் அதைப் பொருட்படுத்தவில்லை. வந்த வேகம் குறையாமல் கடையைக் கடந்தது. "...ணும்" என்பது கடைக்கு அந்தப் பக்கம் கேட்டது. செக்போஸ்ட்டில் ஒரு லாரிக்காகக் கம்பைத் தூக்கியிருந்தார்கள். லாரியை ஒட்டியே அவனும் உள்ளே போய்விட்டான். போலீஸ்காரர் விசில் ஊதினார். ஏற்றம் வந்த பிறகுதான் சைக்கிள் நின்றது.

"தாண்டிட்டானே!" என்றாள் சுகந்தி. சவரக்கத்திவரை கற்பனை செய்து வைத்திருந்தவள்.

நாங்கள் நடந்து போனபோது அவன் டிஸ்க்கை விரலால் தடவி மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். "மசாஜ் எண்ணெய்லே" என்றான். பிறகு சைக்கிளை ஊர்ப்பக்கம் திருப்பினான். சுகந்தி குறுக்கே நின்றாள்.

"கொல்லம் போவாம இந்தக் கம்புக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போனா, தாண்டுனது கேன்சல்."

"இதை எப்பட்டி சொன்ன?"

"இப்ப."

"பிரேக்கு இல்லாம எப்படிப் போவேன்? பேடைக் கழட்டித் தீயில கருக்குனாத்தான் எண்ணெய் போவும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது. ஒரு வருடம் படித்த படிப்பு, தவறான நேரத்தில் வாயில் வந்துவிட்டது. சுகந்தி கையை நீட்டினாள். அவன் பேடுகளைக் கழற்றிக் கொடுத்தான்.

கடையில் புரோட்டாக்கல்லின் ஓரத்தில் நாலு பேடும் புகைந்தன. மாடன் அண்ணாச்சி கரண்டியால் புரட்டிப் போட்டார்.

"சேட்டா, அது எந்தா ஸ்பெஷல்?" என்று விசாரித்தார் ஒரு கேரள லாரி டிரைவர்.

"தீந்துட்டு" என்றார் அண்ணாச்சி.

பேடுகளோடு கம்புக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போனோம்; நான் டிஸ்க் இரண்டையும் பாத்திரம் தேய்க்கிற பொடி போட்டுத் தேய்த்தேன். எல்லாம் மாட்டிப் பிடித்துப் பார்த்தபோது பிரேக் வீறிட்டது. செக்போஸ்ட்டில் படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறியது. பேச்சிராஜ் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தான். சீட் சரியாக இருந்தது. ஹேண்டில்பாரும் சரியாக இருந்தது.

"இந்த டயரு..." என்றான்.

சுகந்தி தன் மேலுதட்டின் ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

ஏறி மிதித்தான். முதல் வளைவில் மறைந்ததும் மேலிருந்து பிரேக் வீறிட்டது. இரண்டாவது வளைவிலும் கேட்டது.

"ஏத்தத்துல எதுக்கு பிரேக்கு பிடிக்கான்?"

"பிடிக்குதான்னு பாக்கான்" என்றேன்.

மூன்றாவது வளைவில் லேசாகக் கேட்டது. ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றோம். நாலாவது வளைவில் பச்சைப் பிரேம் மேகத்துக்குள் ஏறுவது தெரிந்தது; பிரேக் சத்தமே வரவில்லை.