கதவைப் பார்த்த கப்பல்

கூரையிலிருந்து தொங்கும் கப்பல், யாரும் தொடாமல் எப்படித் திரும்பும்? தீராவுக்கு ஒரு மாதமாக இதே யோசனைதான்.

டென்மார்க்கின் மேற்குக் கரையில் இருந்த அந்த ஊர்த் தேவாலயத்தில், கடலுக்குப் போனவர்களுக்கான வேண்டுதலாக ஒரு மரக் கப்பல் தொங்கியது. அதன் முகப்பு பீடத்தைப் பார்த்திருக்க வேண்டும். கதவைப் பார்த்துவிட்டால், போனவர்களில் ஒருவர் திரும்ப மாட்டார் என்பது ஊர் நம்பிக்கை. வசந்தத்தில் அதற்கு வண்ணம் பூசி மறுபடி மாட்டியபோது, கடலோடிகளின் கப்பலுக்குப் பழைய பித்தளைக் கம்பி எதற்கு என்று மீனவர்களே ஒரு சணல் கயிறு முறுக்கித் தந்தார்கள். இலையுதிர்காலத்தில் கப்பல் கதவைப் பார்த்தது. தீராவின் கணவன் லௌஸ்ட் அன்றைக்கே தன் மீன்பிடிப் படகைக் கரையேற்றினான். இப்போது அதை விற்கப் பேச்சு நடந்தது. கடல் இல்லாமல் அவன் சோற்றைக்கூட வெறுத்து உண்பதைத் தீரா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளியில் அறிவியல் நடத்துபவள் அவள். பனிமூட்ட நாட்களில் கப்பல் கதவைப் பார்ப்பதையும், ஞாயிறு ஆராதனைக்காக வெப்பமூட்டியைப் போட்டதும் மெல்லப் பீடத்துக்குத் திரும்புவதையும் கவனித்தாள். சட்டென்று பொறி தட்டியது. ரோஜாச் செடிக்கு நீர் தெளிக்கும் குப்பியையும் முடி உலர்த்தும் கருவியையும் எடுத்துக்கொண்டு, லௌஸ்டையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். போதகர் எஸ்கில் சிரித்தபடி ஏணியைக் கொண்டுவந்தார்.

“கப்பல் திரும்பியும் யாரும் சாகலைன்னா, உன் நம்பிக்கை தப்புன்னு ஒத்துக்குவியா, கேப்டன்?” என்று தீரா கணவனைக் கேட்டாள்.

“ஆண்டவர் காப்பாத்திட்டார்னு சொல்லுவேன்.”

“பாத்தியா, எது நடந்தாலும் உன் பேச்சு தோக்காது. என் பேச்சு தோக்கலாம். கயித்தை நனைச்சா கப்பல் கதவுப் பக்கம் திரும்பணும், காய வச்சா பீடத்துப் பக்கம் வரணும். வரலைன்னா நான் சொன்னது தப்பு. படகை வித்துடு, நானே கையெழுத்துப் போடறேன்.”

“வாத்தியாரம்மா, வார்த்தை மாறக் கூடாது,” என்றான் லௌஸ்ட்.

அவள் ஏணியில் ஏறிக் கயிற்றை நனைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. லௌஸ்ட் தலைகுனிந்தான். தீரா இன்னும் தெளித்தாள். முன்பாய்மரத்தின் நிழல் சுவரில் நகர்ந்தது. முகப்பு, தூங்கி எழுந்த மாடு போலச் சோம்பலாகக் கதவுப் பக்கம் திரும்பியது. போதகர் தம்மை அறியாமல் கை தட்டினார். வெப்பக் காற்றைக் காட்டியதும் அது வந்த வழியே பீடத்துக்குத் திரும்பியது. லௌஸ்ட் குப்பியைப் பிடுங்கி, தானே ஏறி நனைத்தான். மறுபடியும் கதவு.

“அப்போ இந்தக் கப்பல் எதுக்கு?” என்று அவன் போதகரைக் கேட்டான்.

“உங்களுக்காக நாங்க ஜெபம் பண்ண, லௌஸ்ட். வானிலைச் செய்தி வாசிக்க இல்ல.”

லௌஸ்ட் வாய்விட்டுச் சிரித்தான். இத்தனை வாரங்களில் அதுதான் முதல் சிரிப்பு. பழைய பித்தளைக் கம்பி எங்கே என்று கேட்டு, அவனே மணிக்கூண்டிலிருந்து தேடி எடுத்து வந்தான்.

ஈரம் பட்டால் சணல் நார் பருக்கும், கயிற்றின் முறுக்கு சற்றுத் தளரும், அதில் தொங்குவது சுழலும்; உலர்ந்தால் பழைய நிலைக்கு வரும். கம்பியை இரண்டாக வெட்டி, முகப்பில் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாகக் கூரையின் இரு இடங்களில் கட்டினார்கள். இரண்டு இடத்தில் பிடித்த கப்பல் திரும்பாது.