ஜிகினா முக்காடும் ஒரு லென்ஸும்

கல்முனையில் பெண்கள் பக்கத்துக் கல்யாணப் படம் எடுக்க ஆள் தேடினால், மூன்று வருடங்களுக்கு முன்பு எல்லா வாயும் ஒரே பெயரைத்தான் சொல்லும்: கமீலா. அதற்குப் பிறகும் அந்தப் பெயரைச் சொன்னார்கள்தான், ஆனால் கூடவே ஒரு சின்ன இருமலையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த இருமலுக்குக் காரணம் மீராமுகைதீன் வீட்டு மூத்த மகள் அஸ்பியாவின் கல்யாணம்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரும்வரை, மணப்பெண்ணின் முகத்தின்மேல் ஜிகினா தைத்த மெல்லிய வலை முக்காடு தொங்கும். மாப்பிள்ளை அறைவாசலில் கால் வைத்ததும் பெண்கள் குரவையிடுவார்கள். அந்தக் குரவை அடங்குவதற்குள் வீட்டுப் பெண் ஒருத்தி முக்காட்டைத் தூக்கிவிட வேண்டும். மிஞ்சிப்போனால் மூன்று மூச்சு நேரம். தவறிவிட்டது, இன்னொரு தரம் தூக்குங்கள் என்று யாரிடமும் கேட்க முடியாது. ஆண் கமராக்காரர் யாரும் அந்த அறைக்குள் வரவும் முடியாது. ஆக, அந்த மூன்று மூச்சும் கமீலாவின் கையில்தான் இருந்தது.

அன்று பார்த்து அவளுடைய பழைய லென்ஸ் காலை வாரிவிட்டது. முகத்தைத் தேடி முன்னே ஓடியது, பின்னே ஓடியது, கடைசியில் ஜிகினாவைக் கண்டு மயங்கி அதையே பிடித்துக்கொண்டது. சரி, இதைக் கழற்றிவிட்டு அகலமாக எடுக்கும் மற்ற லென்ஸைப் போடுவோம் என்று அவள் பைக்குள் கைவிட்ட நேரம் குரவை அடங்கிவிட்டது. பன்னிரண்டு படங்கள் இருந்தன. பன்னிரண்டிலும் ஜிகினாவை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு. பின்னால் அஸ்பியாவின் முகம் ஒரு வெள்ளை மங்கலாகக் கிடந்தது.

அல்பத்தைப் புரட்டிய அஸ்பியாவின் உம்மா அந்தப் பக்கத்தில் நின்று, "முக்காடு நல்லா வந்திரிக்கி, புள்ள" என்றார். அவ்வளவுதான். நாலு ஏச்சு ஏசியிருந்தால் கமீலா அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். லென்ஸில்தான் பிழை என்று அவள் இரண்டொரு பேரிடம் சொல்லப்போக, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி எங்கே கிடைக்கும்?

இப்போது அந்த வீட்டின் இளைய மகள் அம்ஹாவுக்குக் கல்யாணம். உம்மா கொழும்பிலிருந்து ஒரு பெண்ணை வரவழைக்க ஆள்விட்டிருப்பது கமீலாவுக்கும் தெரியும். அதனால், ஒரு பின்னேரம் அம்ஹாவே கமீலாவின் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"கொழும்புப் பொம்புள வேணாமெண்டு உம்மாக்கிட்டச் சொல்லிட்டன். நீங்கதான் வரணும், கமீலா ராத்தா."

"உன்ட ராத்தாக்கு நான் செஞ்சது காணாதா?"

"ராத்தாதான் உங்களக் கூப்பிடச் சொன்னா." அம்ஹா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா உம்மா ஒரு கதை சொல்லிட்டா. இந்த முறையும் பிசகினா இனி எங்கட சொந்தத்துல ஒரு வீட்டுக்கும் உங்கள எடுக்க விடமாட்டாவாம்."

மீராமுகைதீன் சொந்தம் என்றால் பாதிக் கல்முனை. கமீலாவுக்குப் பயம்தான், அதை மறைத்து என்ன? மறுகணம் அவள் கேட்டது வேறொன்று.

"நீ போடப்போறதும் அந்த முக்காடுதானா?"

"ஓம். ராத்தாடதான்."

"அத எனக்கு ரெண்டு நாளைக்குத் தா."

மறுநாள் காலை கமீலா அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினாள். துணைக்கு அவள் கணவனின் தங்கை றம்ஸியா. மடியில் கமராப் பை, பைக்குள் மடித்த முக்காடு. எதற்கு இது என்று றம்ஸியா நிந்தவூர் வரை கேட்டுப் பார்த்தாள், பதில் வராததால் அட்டாளைச்சேனை வரை நித்திரை கொண்டாள்.

கமராக்கடை றஸாக் நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். கமீலா வந்த விஷயத்தைச் சொன்னதும், குண்டு லென்ஸ் ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கி வைத்தார். பாவித்ததுதான், ஆனால் பெயர் பெற்றது.

"இதுட வாயப் பாருங்க தங்கச்சி, எவ்வளவு பெரிசு. இருட்டுக்குள்ளயும் வெளிச்சத்த அள்ளி எடுக்கும். கல்யாணத்துக்கு இதவிட வேறொண்டும் தேவல்ல."

"அது?" கமீலா பக்கத்துத் தட்டைக் காட்டினாள். அதில் மெலிந்த புது லென்ஸ் ஒன்று இருந்தது. அறை முழுவதும் அடங்கும் அகலத்திலிருந்து முகம் மட்டும் நிறையும் கிட்டம் வரை ஒரே வளையத்தில் போகும்.

"அது தூரம் கிட்டம் எல்லாத்துக்கும் ஆகும்தான். ஆனா வாய் சின்னன். அறைக்குள்ள எடுத்தா படத்துல புள்ளி விழும்."

கமீலாவின் கையில் இருந்த காசு ஒரு லென்ஸுக்குத்தான் காணும். அவள் கண்ணாடி அலுமாரியில் முதுகு ஒட்ட நின்றாள். கல்யாண அறையில் பெண்கள் நெருக்கும்போது அவளுக்குக் கிடைப்பது அப்படியொரு இடம்தான். "பாதி லைட்ட நூருங்க காக்கா, இருட்டாகட்டும். கடைச் சட்டரையும் அரைவாசி இறக்குங்க. மதினி, இதப் போட்டுட்டு அந்தக் கதிரையில இரிங்க."

முக்காட்டைக் கண்டதும் றம்ஸியாவின் நித்திரை பறந்துவிட்டது. "எனக்கென்னகா ரெண்டாம் கல்யாணமா?"

"ஒரு கல்யாணத்துக்கே உங்கட காக்கா பட்ட பாடு காணும். இரிங்க."

"என்ட முகம் கடைக்காரர்ர கமராவுல கிடக்குமா?"

"என்ட கமரா, என்ட கார்டு. எடுத்துட்டு உங்களுக்கு முன்னாலயே அழிக்கிறன்." கமீலா திரும்பினாள். "காக்கா, நீங்க கொஞ்சம் அங்கால கிறுகி நில்லுங்க."

இருபது வருடங்களாகக் கமரா விற்கும் றஸாக், தன் கடையில் தானே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்முனைக்காரிகளோடு கதைத்து வெல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

முதலில் குண்டு லென்ஸ். கமீலா வாயாலேயே மெல்லக் குரவையிட்டாள், றம்ஸியா முக்காட்டைத் தூக்கினாள். லென்ஸுக்குள்ளே மோட்டார் கிர்ரென்றது, நின்றது, மறுபடி கிர்ரென்றது.

"தேடுது" என்றார் றஸாக், சுவரைப் பார்த்தபடி. சத்தத்தை வைத்தே லென்ஸின் மனதைச் சொல்லக்கூடியவர் அவர். கமீலா இரண்டாம் தரம் எடுத்தாள். "இன்னம் தேடுது." மூன்றாம் தரத்துக்கு அவர் பெருமூச்சுதான் விட்டார். திரையில் பார்த்தால் அதே கதை: ஜிகினா தெளிவு, றம்ஸியா மங்கல்.

"நான் இவ்வளவு மங்கலாவா இரிக்கன்?" என்று றம்ஸியா கவலைப்பட்டாள்.

பிறகு மெலிந்த லென்ஸ். மறுபடி குரவை, மறுபடி முக்காடு. லென்ஸிலிருந்து ஒரு கிர்ரும் வரவில்லை. சுவரைப் பார்த்தே றஸாக்குக்குக் கழுத்து வலித்தது.

"இன்னம் எடுக்கல்லயா?"

"எடுத்து முடிஞ்சி காக்கா."

பத்துத் தரம் எடுத்தாள். கிட்டத்தில், அகலத்தில், முக்காடு பாதி தூக்கியபோது, முழுதாகத் தூக்கியபோது, தூக்காதபோதும். ஒன்பதில் அது வலையின் ஓட்டைகளுக்குள்ளால் புகுந்து றம்ஸியாவின் கண்ணைப் பிடித்திருந்தது. புள்ளி விழுந்திருந்தது உண்மைதான்.

"பெரிய வாய் வேணாமா?" என்றார் றஸாக், இப்போதும் சுவரிடம்.

"வாய் என்னத்துக்கு காக்கா, கண்ணுதான் வேணும். புள்ளி விழுந்தாலும் முகம் முகமா இரிக்கும். இனிக் கிறுகுங்க."

கல்யாண நாள். பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்து சற்று நேரம். அறைக்குள் ஊசி குத்த இடமில்லை, நாற்பது பெண்களும் நாலு சாம்பிராணிச் சட்டியும். கமீலாவின் முதுகு அலுமாரியில் ஒட்டியிருந்தது, கமராவில் அந்த மெலிந்த லென்ஸ் இருந்தது. கதவோரம் நின்ற உம்மா மகளைப் பார்க்கவில்லை, கமீலாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கமீலா பிஸ்மி சொல்லிக்கொண்டாள்.

வாசலில் மாப்பிள்ளை கால் வைத்தார். குரவை எழுந்தது.

முக்காட்டைத் தூக்க வந்தவள் அஸ்பியா. அவள் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து உயர்த்தினாள். கமீலா வளையத்தைக் கிட்டத்துக்குத் திருப்பினாள். அம்ஹாவின் கண் பிடிபட்டது. கன்னம், மூக்குத்தி, நடுங்கிய உதடு, எல்லாம். ஒரு மூச்சு முடிந்தது. பழைய கமீலா என்றால் இத்தோடு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி நிறுத்தியிருப்பாள். ஆனால் முக்காடு இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது. தங்கையின் முகத்தை விட்டு ஏறிய வலை, தூக்குகிறவளின் முகத்துக்கு நேரே ஒரு கணம் விரிந்து நின்றது. மூன்று வருடங்களுக்கு முன்பு விரிந்து நின்ற அதே ஜிகினா, பின்னால் அதே அஸ்பியா. பைக்குள் கைவிடத் தேவையில்லை. கமீலா வளையத்தை அகலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றி அழுத்தினாள். குரவை அடங்கியது.

படம் வந்ததா என்று பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. உம்மா பெண்களை விலக்கிக்கொண்டு நேரே வந்து, "காட்டு" என்றார். கமீலா கமராவை நீட்டினாள்.

கீழே முகம் திறந்த அம்ஹா. மேலே, வலைக்குள்ளால் தங்கையைப் பார்த்து அழுதுகொண்டே சிரிக்கும் அஸ்பியா. அவள் இமையில் நின்ற தண்ணீர்கூடத் தெரிந்தது. தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த அஸ்பியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது நானா?"

"ஓம்," என்றாள் கமீலா. "அண்டைக்கு எடுக்க வேண்டியது."

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு திரையில் ஜிகினா இருக்கும் இடத்தில் விரலை வைத்தார்.

"முக்காடு மங்கிப்போச்சே, புள்ள" என்றார், சிரித்துக்கொண்டு.