கார்லுக்குச் சொல்ல வேண்டும்

சங்கமித்ரா அப்பாவின் தலைமாட்டில் ஊதுவத்தியை மாற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில் சிரிப்பா என்று எல்லாரும் திரும்பினார்கள். கிருஷ்ணப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கோலார் தங்கச் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் அப்பாவோடு ஒரே ஷிப்டில் இறங்கியவர்.

"மன்னிச்சிக்கம்மா. சிவாஜிநகர்ல பஸ் கண்டக்டர் கிட்ட உங்கப்பன் ஜெர்மன்ல வணக்கம் சொல்றேன்னு 'குட்டன் மார்கன்'னான். ஏதோ திட்றான்னு நெனச்சி அந்த ஆளு ரெண்டு பேரையும் எறக்கிவுட்டுட்டான். அது ஞாபகம் வந்துட்ச்சு."

அம்மா மூக்கைச் சிந்தியபடி, "மீன்காரி கிட்டயும் அதேதான். அவ ஒரு மாசம் இந்தத் தெருவுக்கே வரல" என்றாள். இந்த முறை கூடமே சிரித்தது.

அன்று விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார் ஜெயவேலு. சுரங்கத்தை மூடியதும் பெங்களூர் ஜீவனஹள்ளிக்குக் குடிவந்தவர். மகள் கல்லூரியில் சர்வதேச வணிகம் படித்தாள். ஜெர்மன் மொழியும் ஒரு பாடம். அவள் கேஸட் போட்டுச் சொல்லிப் பார்க்கும்போது, இவரும் பூண்டு உரித்தபடி கூடவே சொல்லுவார்.

போன வருஷம் ஆறு மாதம் அவள் ஜெர்மனியில், எஸ்ஸன் நகரில் படித்தாள். தங்கிய வீட்டுக்காரர் கார்ல், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மகளை போனில் கூப்பிட்ட அப்பாவிடம் ஒரு நாள் அவர் பேச்சுக் கொடுத்தார். அதோடு இருவரும் சிநேகிதர்கள். அவள் திரும்பி வந்த பிறகும் ஞாயிறு தோறும் நாலு மணிக்கு கார்ல் கூப்பிட்டார். அப்பாவுக்குத் தெரிந்தது மொத்தம் நாற்பது சொற்கள். விளக்கு, தூசி, ஷிப்டு, பீர். இருமலுக்குச் சொல் தேவைப்படவில்லை. இருவரும் மாறி மாறி இருமிவிட்டுச் சிரிப்பார்கள்.

இன்று ஞாயிறு. நாலு மணிக்கு போன் அடித்தது.

அவள்தான் எடுத்தாள். "ஜெயவேலு!" என்று உற்சாகமாகக் கத்தினார் கார்ல்.

சரக்கு தாமதமானால் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரியும். ஒப்பந்தத்தை மரியாதையாக மறுக்கத் தெரியும். ஜெர்மன் பேப்பரில் தொண்ணூற்றொரு மார்க். இதைச் சொல்வதற்குத்தான் எந்தப் பாடத்திலும் வாக்கியம் இல்லை. கடைசியில் அப்பாவின் சொல்லையே எடுத்துக்கொண்டாள்.

"கார்ல், அப்பாவுக்கு ஷிப்டு முடிந்துவிட்டது" என்றாள் ஜெர்மனில்.

அந்தப் பக்கம் கார்ல் இருமினார். பிறகு ஏதோ கேட்டார்.

"இன்னாவாம்?" என்றார் கிருஷ்ணப்பா.

"அப்பா காதுல போனை வைக்கச் சொல்றாரு மாமா. ஒண்ணு சொல்லணுமாம்."

போன் வயர் எட்டவில்லை. "பொட்டிய நவுத்துங்கடா" என்றார் கிருஷ்ணப்பா. பழைய சுரங்கத்து ஆட்கள் நாலு பேர் ஐஸ் பெட்டியை அப்பாவோடு தூக்கினார்கள். "மெதுவா, மெதுவா. பிளக்கு புடுங்கிக்கப் போவுது." மூடியைத் திறந்தார்கள். சங்கமித்ரா ரிசீவரை அப்பாவின் காதில் வைத்தாள். இரண்டே சொல்தான் கேட்டது.

"க்ளூக் ஆஃப்."

"அப்படின்னா?"

"கீழ எறங்கறவங்களுக்குச் சொல்றது மாமா. பத்திரமா மேல வந்து சேருன்னு."

கிருஷ்ணப்பா பெட்டியின் மறுபக்கம் போனார். குனிந்து, அப்பாவின் இன்னொரு காதில் தன் வாய்க்கு வந்தபடி, "குளிக்காப்புடா" என்றார். ஒருத்தர் சிரிக்க, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அம்மா கையை நீட்டினாள். "இப்படிக் குடு." ஒரு நாளும் அவள் கார்லோடு பேசியதில்லை.

"அண்ணே, நேத்து ராத்திரி கூட நல்லாத்தான் சாப்ட்டாரு. மூணு தோசை. இன்னொண்ணு ஊத்தட்டான்னு கேட்டேன்..."

"அவருக்குத் தமிழ் புரியாதும்மா."

"ஊம் கொட்றாரு, நீ சும்மா இரு."

பெட்டியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள் அம்மா. காலை நீட்டிக்கொண்டு, ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றினாள்.