கூடுதலாய் ஒரு பூஜ்யம்

பதிப்பகத்தின் முன்கூடத்தில் அன்று உட்கார இடமில்லை. புதுப் புத்தகங்களுக்கு ஒப்பந்தம் போடும் நாள். எழுத்தாளர்கள் ஒப்பந்தத் தாள் போட்ட ஆளுக்கொரு காகித உறையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி அடங்கி உட்கார்ந்திருந்தார்கள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள், முட்டிவலியைப் பற்றிப் பேசினார்கள். உறைக்குள் இருக்கும் தொகையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஊரில் உள்ளவர்களின் கஷ்டத்தையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களுக்குத் தங்கள் வருமானத்தைச் சொல்ல அப்படியொரு வெட்கம்.

துப்புக்கு இருப்புக் கொள்ளவில்லை. துப்பறியும் கதை எழுதி எழுதி அவளுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வீட்டுக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவருக்கு வேலை போய்விட்டது. மகளின் கல்லூரிக் கட்டணம் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. இன்று கையெழுத்துப் போட்டால் முன்பணம் ஐம்பதாயிரம் கைக்கு வரும். காலையிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பக்கத்தில் கண்ணீர் உட்கார்ந்திருந்தாள். குடும்பக் கதைகளால் வாசகர்களை அழவைத்தே அந்தப் பெயரை வாங்கியவள். சிநேகிதிகள் இருவரும் சேர்ந்து ஒரு நாவலை முடித்திருந்தார்கள். கொலையும் விசாரணையும் துப்புவின் பங்கு, செத்தவனின் குடும்பம் கண்ணீரின் பங்கு. ஒரு அத்தியாயம் இவள், அடுத்தது அவள். ஒருத்தி எழுதியதை மற்றவள் சிவப்புப் பேனாவால் திருத்தாமல் எதுவும் வெளியே போனதில்லை. கண்ணீர் தன் மாமியாருக்கு எழுதும் மன்னிப்புக் கடிதம்கூடத் துப்புவின் கைபட்டுத்தான் போகும்.

கண்ணீரின் போன் அடித்தது. "இதக் கொஞ்சம் பாத்துடுடி, எங்கயாவது தப்பு இருக்கும்" என்று தன் உறையைத் துப்புவின் மடியில் போட்டுவிட்டு மாடிப்படிப் பக்கம் போனாள்.

துப்பு பேனாவைத் திறந்தாள். முதல் பக்கத்தில் நாவலின் தலைப்பிலேயே ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது. போட்டாள். அடுத்த பக்கத்தில் வீட்டு முகவரி தப்பு. திருத்தினாள். அதற்கடுத்து முன்பணம்: 5,00,000. தட்டச்சு செய்தவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டார் போலிருக்கிறது. நல்லவேளை, நம் கண்ணில் பட்டது என்று நினைத்துக்கொண்டு கடைசிப் பூஜ்யத்தை ஒரே கோட்டில் அடித்தாள். காற்புள்ளியையும் அக்கறையாக இடம் மாற்றிவைத்தாள்.

அப்புறம்தான் பக்கத்திலேயே அந்தத் தொகையை எழுத்தாலும் எழுதியிருப்பதைப் பார்த்தாள். ரூபாய் ஐந்து லட்சம் மட்டும்.

எண்ணில் கை தவறலாம். எழுத்திலும் அதே தப்பு எப்படி வரும்? இத்தனை வருடமாகக் கொலைகாரர்களைக் கண்டுபிடித்தவளுக்கு இதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது. மாடிப்படிக்கு ஓடினாள்.

"உனக்கு அஞ்சு லட்சமா?"

"ஆமா. உனக்கும் அதானே?"

"எனக்கு அம்பதாயிரம்."

கண்ணீர் போனை அணைத்தாள். அவள் நடிக்கவில்லை, நடித்தால் துப்புக்குத் தெரிந்துவிடும்.

"எனக்கும் மேனேஜர் மொதல்ல அம்பதாயிரம்தான்டி சொன்னாரு. யோசிச்சுச் சொல்றேன்னுட்டு நாலு மாசம் போனே எடுக்கல. அவரா மெசேஜ்ல ஏத்திக்கிட்டே வந்தாரு. நீயும் அப்படித்தான் பேசியிருப்பேன்னு நெனச்சேன்."

நாலு மாதம் போனை எடுக்காமல் இருப்பதற்கு, அப்பா விட்டுப்போன கடைகளிலிருந்து மாதம் பிறந்தால் வாடகை வந்து விழ வேண்டும். கண்ணீருக்கு விழுந்தது. துப்போ, தொகையைக் கேட்ட மூச்சிலேயே "ரொம்ப நன்றி சார்" என்று சொன்னவள். அந்த நன்றியை இப்போது நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

"சரி விடு. என்னோடதுல பாதிய நீ எடுத்துக்க."

"உன் காசு எனக்கு எதுக்குடி? என் காசு எனக்கு வேணும்."

சொன்னவுடனே துப்புக்கு எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்தது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கண்ணீரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, முறை வருவதற்கு முன்பே மேலாளரின் அறைக்குள் நுழைந்தாள். இரண்டு ஒப்பந்தங்களையும் அவர் முன்னால் விரித்துப் போட்டாள்.

"இத யாரு அடிச்சது?" என்றார் மேலாளர், கண்ணீரின் தாளில் இருந்த சிவப்புக் கோட்டைக் காட்டி.

"நான்தான் சார். இதுதான் தப்புன்னு நெனச்சேன். தப்பு இதுல" என்று சொல்லி, தன் தாளில் ஐம்பதாயிரத்துக்குப் பின்னால் சிவப்பில் ஒரு பூஜ்யம் போட்டாள். போட்ட பூஜ்யம் நன்றாகத்தான் வந்தது.

"மேடம், அவங்க டிவில எல்லாம் வர்றவங்க. அந்தப் பேருக்கு ஒரு விலை இருக்கு."

"விக்கப்போறது ஒரே புத்தகம்தானே சார்?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்ககிட்ட மொத்தமே அஞ்சரைதான் இருக்கு. வேணும்னா சமமாப் பிரிச்சிடறேன். ஆளுக்கு ரெண்டே முக்கால்."

கண்ணீர் தன் தாளைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். தானாகப் பாதியைத் தருகிறேன் என்றது அவளுக்குச் சுலபமாக இருந்தது. அடுத்தவர் கைவைத்தவுடன் வலித்தது. துப்பு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தச் சிநேகிதம் இன்றோடு சரி என்று நினைத்தாள்.

"அவளுக்கும் அஞ்சு குடுங்க சார்" என்றாள் கண்ணீர் கடைசியில். "இல்லன்னா என் அத்தியாயமெல்லாம் நான் எடுத்துட்டுப் போறேன். வெறும் பொணத்த வச்சு நீங்க என்ன பண்ணுவீங்க?"

துப்புவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேலாளர் சிரிக்கவில்லை. "கொஞ்ச நேரம் வெளிய இருங்க. முதலாளிகிட்டப் பேசணும்."

வெளியே கூடமே அவர்களைப் பார்த்தது. வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த கவிஞர், எல்லோருக்கும் மூத்தவர், "உள்ள என்னம்மா சத்தம்?" என்று கேட்டார்.

துப்பு ஒளிக்கவில்லை. இரண்டு தொகையையும் உரக்கச் சொன்னாள். பிறகு கைக்கடிகாரமும் மடிப்புக் கலையாத சட்டையுமாக இருந்த வரலாற்று நூல்காரர், "எனக்கு இருபதாயிரம்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு எண்பதாச்சே" என்றது ஒரு குரல். "அப்ப எனக்கு மட்டும் ஏன் பதினஞ்சு?" என்று சமையல் புத்தகம் எழுதும் அம்மா எழுந்தேவிட்டார். உறைகள் திறந்தன, தாள்கள் கை மாறின, இத்தனை நாள் வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டவர்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு பேசினார்கள். இப்படி ஒரு கலகலப்பைத் துப்பு எந்த வெளியீட்டு விழாவிலும் பார்த்ததில்லை.

"உங்களுக்கு எவ்வளவுங்க ஐயா?" என்று கவிஞரைக் கேட்டாள்.

"எனக்குன்னு ஒண்ணும் தரமாட்டாங்கம்மா. அச்சுக்கூலிய நான்தான் கட்டறேன்." அவர் சுற்றிலும் பார்த்தார். "எல்லாருமே அப்படித்தான் கட்டறாங்கன்னு சொன்னாங்களே?"

யாராலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து அறைக்கதவு திறந்தது. "சரிங்க மேடம், உங்களுக்கும் அஞ்சு" என்றார் மேலாளர், குரலைத் தாழ்த்தி. "ரெண்டு பேரும் உள்ள வாங்க. கதவச் சாத்திட்டு முடிச்சிடுவோம்."

கண்ணீர் துப்புவின் கையை இறுக்கிப் பிடித்தாள். மகளிடம் சொல்ல வேண்டும், வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று துப்புக்கு மனம் துள்ளியது. ஆனால் அவள் காலெடுத்து வைப்பதற்குள் கவிஞர் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய், மேலாளருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். துப்பு கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.