வரிவரியாக இறங்கிய படம்

நீளமாக ஒரு சத்தம், சின்ன இடைவெளி, மறுபடி நீளமாக ஒரு சத்தம், மேசைக்கு அடியில் இருந்த கறுப்புப் பெட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது, உள்ளே விசிறி சுற்றுகிறது, முன்னால் பச்சை விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றுமே இல்லை, டெல்சி பொத்தானை அமுக்கிப் பிடித்து அணைத்தாள், சத்தம் நின்றதும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது, அந்த நிம்மதியைக் கண்டுதான் அவள் அதிகம் பயந்தாள். பக்கத்தில் ஸ்டூலில் இருந்த பிரிஸ்கா, என்னாச்சுக்கா என்று கேட்டாள். வரமாட்டேங்குதுட்டி என்றாள் டெல்சி, சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, படம் வராதவரை அவளுக்கும் புருஷன் இருக்கிறான், எனக்கும் இருக்கிறான் என்ற நினைப்பு கண்ணில் தெரிந்துவிடுமோ என்று இருந்தது.

மதியம் மும்பையிலிருந்து கப்பல் கம்பெனியில் பேசினார்கள், தமிழ் தெரிந்த ஒரு பெண், குரலைத் தாழ்த்தித் தாழ்த்திப் பேசினாள், கப்பலில் ஒருத்தர் தவறிவிட்டதாகத் தகவல் வந்திருக்கிறதாம், யார் என்று உறுதியாகத் தெரியவில்லையாம், கப்பலைப் பிடித்துவைத்திருக்கும் கடற்கொள்ளைக்காரர்கள் மீதி எல்லாரையும் மேல்தளத்தில் நிற்கவைத்து ஒரு படம் அனுப்பியிருக்கிறார்களாம், அதை எல்லா வீட்டுக்கும் மெயிலில் போட்டிருக்கிறோம், பார்த்துவிட்டு உங்கள் ஆள் இருக்கிறாரா என்று சொல்லுங்கள் என்றாள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் கப்பலைப் பிடித்தார்கள், ஆகஸ்டில் மாதா கோயில் தேர் ஓடி முடிந்தும் விடவில்லை, அந்தக் கப்பலில் டெல்சியின் புருஷன் ரெஜிஸ் கரண்டு வேலை பார்க்கிறவன், பிரிஸ்காவின் புருஷன் வினிஸ்டன் சமையல்காரன், இரண்டு பெண்களும் பழகியதே இந்தக் கப்பல் மாட்டிக்கொண்ட பிறகுதான், போனில் அழுது அழுது அக்காவும் தங்கையும் ஆகிவிட்டார்கள். பிரிஸ்கா வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, மணப்பாட்டிலிருந்து கிடைத்த பஸ்ஸில் ஏறித் தூத்துக்குடிக்கு வந்துவிட்டாள், பிரௌசிங் சென்டருக்குப் போயிருவமா என்றுகூடக் கேட்டாள், டெல்சிதான் மாட்டேன் என்றாள், தட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவன் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான், அந்தப் பக்கம் ஒருத்தி பரீட்சை ரிசல்ட் பார்த்துக்கொண்டிருப்பாள், நடுவில் உட்கார்ந்து பார்க்கிற படமா அது.

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி ரெஜிஸ் தன் கையால் சேர்த்தது, ஒவ்வொரு லீவுக்கு வரும்போதும் ஒரு சாமான் கொண்டுவருவான், ஒருமுறை பெரிய போர்டு, ஒருமுறை மெமரி, ஒருமுறை விசிறிகள், எல்லாம் சேர்ந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்து அதன்மேல் பரப்பிவைத்தான், டெல்சி டார்ச் பிடித்தாள், டார்ச் பிடிக்கிற கை அவனுடைய பின்கழுத்து மச்சத்துக்கே போய்க்கொண்டிருக்கிறது, இங்கன காட்டுட்டி, என் கழுத்துலயா ஸ்க்ரூ இருக்கு என்கிறான், சிரிக்கிறாள், ஜன்னலைத் தாண்டிக் கடல்காற்று வருகிறது, இந்தக் காத்துதான் இதுக்கு எதிரி, உப்பு பட்டுப் பட்டு இந்தத் தங்கப் பல்லெல்லாம் மங்கிப்போவும் என்று ஓரத்தில் பல்வரிசை மினுங்கும் மெமரிக் கட்டையை அவள் உள்ளங்கையில் வைக்கிறான், இப்போதும் உள்ளங்கையில் அதே கட்டை, இல்லை, இன்னும் கழற்றவில்லை, வெறும் கையைத்தான் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பிரிஸ்கா தோளைத் தொட்டு, அக்கா என்கிறாள்.

இப்படி நீளநீளமாகக் கத்தினால் மெமரியில்தான் கோளாறு என்று ரெஜிஸ் சொல்லியிருக்கிறான், லைட்டப் பிடி என்றாள் டெல்சி. முதலில் ஒயரைப் பிடுங்கினாள், ஜன்னல் கம்பியை ஒருதரம் தொட்டாள், உடம்பில் இருக்கிற கரண்டு அதில் போய்விடும் என்று அவன் சொல்லியிருக்கிறான், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள், உள்ளே தூசி சாம்பல்போல் படிந்திருந்தது, டார்ச் வெளிச்சம் நடுங்கிக்கொண்டே இருந்தது, பிரிஸ்கா உதட்டுக்குள் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தாள், டெல்சி மெமரியின் இரண்டு பக்கத்துக் கொக்கியையும் அமுக்கினாள், கட்டை எழும்பி வந்தது, பல்லெல்லாம் அவன் சொன்னபடியே மங்கியிருந்தது, அழிரப்பரால் தேய்த்தாள், ஒருபக்கம், மறுபக்கம், ரப்பர் கறுத்தது, பல் மினுங்கியது, திரும்ப மாட்டும்போது கை பின்வாங்கியது, உடைந்துவிட்டால், உடைந்தால் நல்லதுதானே, உடைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம், நாளைக்குப் பார்க்கலாம், நாளை மறுநாள் பார்க்கலாம், பயந்துக்கிட்டே வச்சா உள்ள போவாது, தைரியமா அமுக்கு, ஒடையாது என்று அவன் குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது, அமுக்கினாள், கொக்கி டக்கென்று பூட்டிக்கொண்டது.

ஒயரை மாட்டிப் பொத்தானை அமுக்கினாள், இம்முறை கத்தவில்லை, ஒரே ஒரு சின்னச் சத்தம், திரை வெளுத்தது, பிரிஸ்கா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், எழுத்துகள் ஓடின, முகப்பு தெரியப்போகிற நேரத்தில் எல்லாம் சட்டென்று அணைந்துவிட்டது. இரண்டு பேரும் மூச்சுவிட்டார்கள், ஒரே நேரத்தில் விட்டார்கள், அப்போதுதான் டெல்சிக்குப் புரிந்தது, இவளும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறாள். திரும்பப் போட்டால் திரும்பவும் அணைகிறது, மூளைச் சில்லுக்கு மேலிருக்கிற விசிறியில் நூலும் முடியுமாகச் சுற்றிக்கிடந்தது, சூடு தாங்காமல்தான் அணைகிறது, சந்தேகத்த ஒண்ணொண்ணா கழட்டணும் டெல்சி, மொத்தமா பயப்படக்கூடாது என்பான், ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று நிற்கிறது, சுட்டிருப்பார்களா, காய்ச்சலா, தண்ணீர் கொடுக்காமல் போட்டிருப்பார்களா, அவனுடைய பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்துவந்து விசிறியின் ஒவ்வொரு இதழையும் துடைத்தாள், துடைக்கத் துடைக்க அது கப்பலின் எஞ்சின் அறையாக ஆனது, வெக்கை, எண்ணெய் வாடை, அவன் குனிந்து எதையோ முடுக்குகிறான், பின்கழுத்து மச்சம் தெரிகிறது, பின்னால் யாரோ துப்பாக்கியோடு நிற்கிறார்கள், திரும்பாதிய என்று இவள் கத்துகிறாள், குரல் வரவில்லை, விரலில் தூசி, பிரஷ், பிரிஸ்காவின் மூச்சு.

விசிறி தடையில்லாமல் சுற்றியது, கம்ப்யூட்டர் அணையவில்லை, ஆனால் மெயில் திறக்க மறுத்தது, இந்தப் பக்கம் நம்பத்தக்கதல்ல என்றே திரும்பத் திரும்பச் சொன்னது, கீழ்மூலையில் பார்த்தால் தேதி எங்கோ பழைய வருஷத்தில் நின்றது, தேதி தப்பாக இருந்தால் மெயில் திறக்காது, உள்ளிருக்கும் காசு மாதிரிச் சின்ன பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது, அந்த வருஷம் ரெஜிஸ் கப்பலுக்கே போகவில்லை, துறைமுகத்தில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டு சைக்கிளில் வருவான், சாயங்காலம் அவளுடைய அம்மா வீட்டைக் கடக்கும்போது வேண்டுமென்றே மணியடிப்பான், அங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது, இன்றைய தேதியை மாற்றிப் போடும்போது ஒவ்வொரு எண்ணையும் யாரோ கையைப் பிடித்து அழுத்தவைப்பதுபோல் இருந்தது.

மெயில் திறந்தது. படம் வேகமாக வரவில்லை, மேலிருந்து வரிவரியாக இறங்கியது, முதலில் வெறும் வானம், பிறகு ஒரு கயிறு, துருப்பிடித்த இரும்புச் சுவர், அதற்குப் பிறகு ஒரு நெற்றி, வரிசையில் எல்லாரையும்விட உயரமான நெற்றி, முன்முடி கொட்டிய அந்த இடம், டெல்சிக்குத் தெரிந்துவிட்டது, கண் வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது, கண்ணும் வந்தது, தாடி வளர்ந்து கன்னம் ஒட்டி ஒரு ரெஜிஸ், வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்திய கைக்குள் ஒரு சத்தம் வந்து அடங்கியது, பிரிஸ்கா அவளைக் கட்டிக்கொண்டு, அண்ணன் இருக்காவ, இருக்காவக்கா என்று முதுகைத் தடவினாள், தடவிக்கொண்டே திரையைப் பார்த்தாள். மற்ற முகங்களும் ஒவ்வொன்றாக வந்தன, கேப்டன், பிலிப்பைன்ஸ்காரர்கள், ஒரு வடக்கத்திப் பையன். எங்க அவுக குட்டைதானக்கா, கீழதான் வருவாக என்றாள் பிரிஸ்கா. படம் இறங்கியது, தோள்கள் வந்தன, தோளுக்குக் கீழே முகம் எதுவும் இல்லை, சட்டைகள் வந்தன, இடுப்பு, அழுக்கான கால்சட்டைகள், டெல்சிக்குத் தன் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை, அது உடம்பெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த அவளால் முடியவில்லை, முழங்கால்கள் வந்தன, செருப்பில்லாத கால்கள் வந்தன, தளத்தின் இரும்பு வந்தது, படம் முடிந்தது.

பிரிஸ்கா வெகுநேரம் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பிறகு சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெல்லச் சொன்னாள், இன்னொருக்கா அமத்திப் போட்டுப் பாருங்கக்கா, தேதியக்கூட மொதல்ல தப்பாத்தான காட்டிச்சு.

அது அப்படி இல்லட்டி என்று சொல்ல டெல்சி வாயைத் திறக்கும்போது கூடத்தில் போன் அடிக்கத் தொடங்கியது, மும்பையிலிருந்துதான் இருக்கும், இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை, டெல்சி கம்ப்யூட்டரை அணைத்தாள், ஒயரைப் பிடுங்கினாள், தரையில் உட்கார்ந்து தகட்டைக் கழற்றினாள், இவள் போதும் என்று சொல்கிறவரை கழற்றி மாட்டுவது என்று முடிவு செய்துகொண்டாள், போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது, பிரிஸ்கா அவள் பக்கத்தில் முழங்காலிட்டு டார்ச்சை உள்ளே காட்டினாள், இப்போது அந்த வெளிச்சம் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.