அண்ணை, கொஞ்சம் போறம்

ஓட்டோ நகர்கிறது, எஞ்சின் சத்தமே இல்லை, பின்னால் நின்று யாரோ தள்ளுகிறார்கள், முன் இருக்கையில் அப்பா கால்களை நீட்டி, தலையை ஒருபக்கம் சாய்த்து, முகத்தில் துவாயைப் போட்டபடி கிடக்கிறார், ஓட்டோ கொஞ்சத் தூரம் போய் நிற்கிறது, அவருடைய தலை மெல்ல ஆடி அதுவும் நிற்கிறது, பிறகு வரிசை மறுபடி அசைகிறது, மறுபடி தள்ளுகிறார்கள், நான் இதைப் பார்க்கவில்லை, நான் அப்போது வீட்டில் ஈரவிறகை ஊதிக்கொண்டிருந்தேன், ஆனாலும் கண்ணால் கண்டவற்றைவிட இதுதான் எனக்குத் துலக்கமாகத் தெரிகிறது, பஸ்ஸில் போகும்போது, அரிசி களையும்போது, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது, எங்கிருந்தோ அந்த ஓட்டோ நகரத் தொடங்கிவிடும், நிப்பாட்டுங்கோ, அவரை எழுப்புங்கோ என்று கத்துவேன், சத்தம் வெளியே வராது, தள்ளுகிறவர்களுக்கு முகம் இல்லை, எல்லாரும் நல்லவர்கள், களைத்துத் தூங்குகிற மனிதனை எழுப்பக் கூடாதென்று நினைத்தவர்கள், அவர்கள்மேல் கோபப்படவும் முடியாது, அதுதான் என்னை இருக்கவிடாமல் துரத்துகிறது.

நாட்டில் எதுவுமே இல்லாமல் போன வருஷம் அது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை, பரீட்சை வைக்கக் கடதாசி இல்லை, எண்ணெய்க் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறது, இறக்குவதற்குக் கொடுக்க டொலர் இல்லை என்று வானொலியில் சொன்னார்கள், டொலரை நாங்கள் கண்ணால் கண்டதே இல்லை, கண்ணால் காணாத ஒன்று தீர்ந்துபோனதால் யாழ்ப்பாணத்தில் எங்கள் அடுப்பு ஏன் எரியவில்லை என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. அப்பா பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஓட்டோவில் ஏற்றி இறக்குகிறவர், மகேந்திரம் அண்ணையின் ஓட்டோ என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாத தாய்மார் இல்லை, அவர் முந்தின நாள் பின்னேரமே தலையணையையும் துவாயையும் எடுத்துக்கொண்டு சந்திப் பெற்றோல் செட்டுக்குப் போய்விட்டார், இரவு பனியில கிடக்காதேங்கோ, காலமை போனால் என்ன என்று அம்மா கேட்டதற்கு, காலமை போனால் வரிசையின்ரை வால் சுன்னாகத்தில நிக்கும், யோகனும் சீட்டுக்கட்டோட வாறான், முன்னூற்றிநாலு விளையாட ஆள் இருக்கு, நீ பயப்படாதை என்று சிரித்துக்கொண்டு, பெற்றோல் தீர்ந்த ஓட்டோவை யோகன் மாமாவோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு போனார், யோகன் மாமாவும் ஓட்டோக்காரர்தான், அப்பாவைவிட இளையவர், அப்பாவை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர், அண்ணை, அண்ணை என்பார். விடிந்ததும் அம்மா வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு காஸ் வரிசைக்குப் போனார், தம்பி டிலக்சன் வவுனியாவில் பாஸ்போர்ட் வரிசையில் நின்றான், ஒரே வீட்டு மனிதர்கள் அன்று மூன்று வரிசைகளில் நின்றோம், இல்லை, நான் நிற்கவில்லை, நான் சமைத்தேன், எல்லாரும் திரும்பி வந்து ஒன்றாக இருந்து சாப்பிடுவோம் என்று பருப்பைக் கொஞ்சம் கூடப் போட்டேன்.

மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கட்டிக்கொண்டு நடக்கிறேன், வெய்யில் தார் ரோட்டில் தண்ணீர்போல் மினுங்குகிறது, வரிசை வீடுகளின் முன்னாலும் கோயில் மதிலோரமும் வளைந்து வளைந்து போகிறது, ஓட்டோக்களுக்குள் மனிதர்கள் வாயைத் திறந்தபடி உறங்குகிறார்கள், அப்பா எங்கை என்று ஒருவரிடம் கேட்கிறேன், மகேந்திரண்ணையோ, அவர் முன்னுக்குப் போயிட்டார், அதிஷ்டக்காரன், நித்திரையிலேயே போய்ச் சேர்ந்திட்டார் என்று அவர் சிரிக்கிறார், செட்டுக்குப் போய்ச் சேர்ந்ததைத்தான் சொல்கிறார், நானும் சிரிக்கிறேன், அப்போது செட்டுக்குள்ளிருந்து அப்பாவின் ஓட்டோ வெளியே வருகிறது, எஞ்சின் சத்தத்தோடு, ஓட்டுவது யோகன் மாமா, அப்பா பின்சீற்றில் சரிந்திருக்கிறார், ஏறு பிள்ளை, அப்பாக்கு ஏலாதாம், ஆஸ்பத்திரிக்குப் போவம், கெதியா ஏறு. நான் அப்பாவின் தலையை மடியில் எடுக்கப் பார்க்கிறேன், தலை வரவில்லை, கழுத்து மரம்போல் இருக்கிறது, அப்பா, அப்பா என்று தோளைப் பிடித்து உலுப்புகிறேன், சோற்றுப் பார்சல் காலடியில் விழுந்து அவிழ்கிறது, ரோட்டில் எல்லா வாகனமும் நிற்க எங்கள் ஓட்டோ மட்டும் பறக்கிறது, என் கைத்தொலைபேசி அடிக்கிறது, தம்பி, சந்தோஷத்தில் அவனுக்கு மூச்சு வாங்குகிறது, அக்கா, பாஸ்போர்ட் கிடைச்சிட்டுது, அப்பாட்டைச் சொல்லு, அப்பா பக்கத்தில நிண்டால் குடு.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் அப்பாவின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார், மாரடைப்பு, இங்க கொண்டுவர முன்னமே முடிஞ்சுது, எப்ப எண்டு சொல்லத் தெரியேல்லை தங்கச்சி என்றார், அந்த டொக்டரும் இப்போது அவுஸ்திரேலியாவில். அம்மா காஸ் வரிசையிலிருந்து அப்படியே வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அழவில்லை. பிரேத வண்டிக்கு எண்ணெய் இல்லை என்றார்கள், அப்பா தன் ஓட்டோவிலேயே, தன் தாங்கியில் நிரம்பியிருந்த பெற்றோலிலேயே வீட்டுக்கு வந்தார்.

இப்போது எல்லாம் இருக்கிறது, அதைத்தான் எல்லாரும் நம்ப மறுக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் ஒருவர் மேல்நோக்கிப் போகும் கோடு ஒன்றைக் காட்டிப் பேசுகிறார், கடைகளில் பால்மா அடுக்கியிருக்கிறது, செட்டில் ஈ ஓட்டுகிறார்கள், நாடு மீண்டுவிட்டதாம், மீண்ட நாட்டில் அம்மா குசினியில் இரண்டு சிலிண்டர் வைத்திருக்கிறார், போகும்போதும் வரும்போதும் ஒன்றை அசைத்துப் பாரம் பார்க்கிறார், மண்ணெண்ணெய்க் கலன்களை என் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார், எரிந்து சாகப்போறம் அம்மா என்று நான் சண்டை பிடித்து எடுத்தால் ஒரு கிழமையில் வேறோர் இடத்தில் மணக்கும். தம்பி ருமேனியாவில் இறைச்சித் தொழிற்சாலையில் இருந்தான், பிறகு இத்தாலி என்றான், இப்போது எங்கே என்று கேட்டால் கமராவைக் கூரைப் பக்கம் திருப்புகிறான், அப்பாவின் திவசத்துக்கு இந்த வருஷமும் வரவில்லை, வந்தால் திரும்பிப் போக முடியாது அக்கா என்கிறான், அவனோடு தெருவில் விளையாடிய பெடியன்களில் பாதிப் பேர் அப்படித்தான், கமராவில் கூரை காட்டுகிறார்கள். எனக்கு வேறொரு வியாதி, யாராவது உறங்கினால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது, பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் தலை சாய்ந்தால் தோளைத் தட்டுவேன், என்ன தங்கச்சி என்று திடுக்கிட்டுக் கேட்பார்கள், இறங்கிற இடம் வந்திட்டுதோ எண்டு நினைச்சன் என்று பொய் சொல்வேன், அம்மாவைக்கூட மத்தியானத்தில் கண்ணயரவிட மாட்டேன், எந்தத் தள்ளலில் போனார், முதலாவதிலா, கடைசியிலா, ஆராவது ஒருவர் எழுப்பியிருந்தால் இருந்திருப்பாரா, கேள்வி நிற்கவே நிற்காது.

நான் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன், இந்த வருஷம் வந்திருக்கும் பிள்ளைகள் அந்த வருஷத்துப் பிள்ளைகள், வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வரிசையில் நின்ற தாய்மாரின் வயிற்றில் கிடந்தவர்கள், முந்தின பிள்ளைகளுக்கு அளவாயிருந்த அதே கதிரைகளில் இருந்தால் இவர்களுடைய கால் நிலத்தில் முட்டுவதில்லை, பிஸ்கற் கொடுத்தால் பாதியைத் தின்று பாதியைச் சட்டைப்பைக்குள் வைக்கிறார்கள், தட்டுப்பாடு என்ற சொல்லை அறியாத பிள்ளைகளுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள். தஸ்விகா அவர்களில் சின்னவள், பாட்டு நடக்கும்போதே மேசையில் தலையை வைத்து உறங்கிவிடுவாள், அன்று அவளுடைய தலை ஒருபக்கம் சரிந்து வாய் திறந்திருந்ததைக் கண்டேன், எனக்கு வகுப்பறை மறைந்துபோனது, பிள்ளையின் இரண்டு தோளையும் பிடித்து உலுப்பினேன், எழும்பு, எழும்பு, எழும்பு என்று நான் கத்தினேனாம், பிள்ளை வீரிட்டழுது சிறுநீர் கழித்துவிட்டாள், மற்றப் பிள்ளைகளும் அழுதார்கள். தலைமை ஆசிரியை றெஜினா ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, உம்மட கவலை எனக்கு விளங்குது, ஆனால் தாய் தேப்பன் கேட்டால் நான் என்ன சொல்லுறது, பிள்ளை பள்ளிக்கூடம் வரமாட்டன் எண்டு நிக்குதாம், இன்னொருக்கா நடந்தால் உம்மை வச்சிருக்க ஏலாது என்றார். அவர்கள் வீட்டிலிருந்து ஆள் வரும், ஏசுவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர் யோகன் மாமா. தஸ்விகா அவருடைய மகளின் பிள்ளை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும், அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர், அதற்குப் பிறகு எங்கள் தெருப் பக்கமே வராதவர், தலை முழுக்க நரைத்திருந்தது, ஓட்டோ எங்கை மாமா என்றேன், வித்துப்போட்டன், இப்ப கடையொண்டில நிக்கிறன், நட பிள்ளை, வீட்டை போற வழியில கதைப்பம் என்றார். மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமா, பேத்தியை நான் வேணுமெண்டு செய்யேல்லை என்று தொடங்கினேன், அவர் கையை உயர்த்தித் தடுத்தார், அதுக்குக் கோவிக்க வரேல்லை, மகள் வந்து சொன்ன உடனேயே எனக்கு விளங்கிட்டுது, நீ ஏன் நித்திரை கொள்ளுற பிள்ளையை எழுப்பிறாய் எண்டு இந்த ஊரில எனக்கு மட்டும்தான் தெரியும், அதாலதான் வந்தனான். அவருடைய செருப்பு தரையில் இழுபட இழுபட நடந்தோம்.

உன்ரை அப்பாவை நான் எழுப்பினனான் பிள்ளை என்றார். நான் நின்றுவிட்டேன். விடியக்காலமை தேத்தண்ணி வாங்கிக்கொண்டு போய்க் கூப்பிட்டனான், அண்ணை எண்டன், பேச்சில்லை, திரும்பவும் கூப்பிட்டன், தோளைத் தொட்டு உலுப்பினன், குளிர்ந்துபோய்க் கிடந்தார், அப்ப வரிசை அசையவே தொடங்கேல்லை, ஒருத்தரும் அவரை உயிரோட தள்ளேல்லை, அதை நீ முதல்ல விளங்கிக்கொள். அப்ப ஏன் சொல்லேல்லை, ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, மத்தியானம் வரைக்கும் அந்த வெய்யிலுக்குள்ள என்று நான் கத்தினேன், ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவர் தலையைக் குனிந்தபடியே பேசினார், அம்புலன்சுக்கு அடிச்சனான், டீசல் இல்லை எண்டாங்கள், அந்த வரிசையில ஒரு வாகனத்திலயும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, வெளியில எடுத்தால் அவரை ரோட்டுக்கரையிலதான் கிடத்தவேணும், நாயும் சனமும் பார்க்க, எனக்கு மனம் வரேல்லை, வரிசையிலயே விட்டால் முறை வரும், எண்ணெய் கிடைக்கும், வீட்டை கொண்டுபோகலாம் எண்டு நினைச்சன், வேறயொண்டும் எனக்குத் தோன்றேல்லை பிள்ளை, துவாயை எடுத்து முகத்தில போட்டன், வேற ஒருத்தரையும் கைவைக்க விடேல்லை, நான்தான் தள்ளினன், ஒவ்வொரு தரமும் சொல்லித்தான் தள்ளினன், அண்ணை, கொஞ்சம் போறம், அண்ணை, கொஞ்சம் போறம் எண்டு. செட்டில பெற்றோல் அடிக்கிற பெடியன் கேட்டான், ஐயா நித்திரையோ எண்டு, ஓம், ராத்திரி முழுக்க முழிச்சவர் எண்டு சொன்னன், பிறகு உன்னை ரோட்டில கண்டதும் உள்ளதைச் சொல்ல ஏலாமல் ஆஸ்பத்திரிக்கு எண்டிட்டன். அவருடைய ஓட்டோவும் அந்த வரிசையில் நின்றதே என்று எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது, உங்கட ஓட்டோ மாமா, அது எங்கை நிண்டது. அதைப் பின்னால விட்டிட்டு வந்திட்டன், பிறகு போய்ப் பார்க்கேக்க ஆரோ ரோட்டோரத் தண்ணி ஓடுற கானுக்குள்ள தள்ளி விட்டிருந்தாங்கள், அது போகட்டும்.

கையில் இருந்த பை கனத்தது, அதை மற்றக் கைக்கு மாற்றினேன், திரும்பவும் மாற்றினேன். முகமில்லாமல் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே ஆளாகிவிட்டார்கள், அந்த ஆள் என் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு நிற்கிறார், அவரை அடிக்கவேண்டும் போலவும் இருக்கிறது, அவருடைய கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போலவும் இருக்கிறது, இரண்டும் செய்யாமல், அம்மாட்டையும் சொல்லுங்கோ என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் படலைக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார், உள்ளுக்கு வாங்கோ என்றேன், வாறன், வாறன் என்றபடி படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆரது என்று கேட்டபடி அம்மா ஈரக்கையோடு வெளியே வந்தார், நான்தான் அக்கா, யோகன், அண்டைக்குக் காலமை அண்ணை என்று தொடங்கினார், அம்மா அவரைப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரியும் தம்பி என்றார். என்னம்மா தெரியும் என்று நான் கேட்கிறேன். ஆஸ்பத்திரியில கையைப் பிடிச்சனான், மடங்கேல்லை, கொஞ்சம் முன்னம் போன மனுசன்ரை கை இல்லையடி அது, விடிய முன்னமே போயிட்டார், மத்தியானம்தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தனீங்கள், அவ்வளவு நேரமும் ஆரோ அவரைப் பத்திரமா வச்சிருந்திருக்கினம், அது இந்தத் தம்பிதான் எண்டு எனக்குத் தெரியாதோ. பிறகேன் என்னட்டைச் சொல்லேல்லை அம்மா, இத்தினை வருஷமும் நான் என்ன பாடுபட்டன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அம்மா என்னைப் பார்க்கவில்லை, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், நீ வாய் திறந்து கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை, உன்ரை பாட்டுக்கு நீயும் என்ரை பாட்டுக்கு நானும் திரிஞ்சம், ரோட்டில விட்டிட்டுப் போகாமல் வீட்டை கொண்டுவந்து தந்தவனிட்டைப் போய் என்னத்தைக் கேக்கிறது.

யோகன் மாமா படலைக் கம்பியைப் பிடித்தபடி அழத் தொடங்கினார், வாய்விட்டு, தோள் குலுங்க, பக்கத்து வீட்டு வாசலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது, தெருவால் போன சைக்கிள் ஒன்று தயங்கி நின்றது, முப்பத்தொண்டுக்குப் பிறகு ஏன் தம்பி இந்தப் பக்கம் வரேல்லை என்று அம்மா கேட்டார், என்ன முகத்தோட வாறது அக்கா என்றார் அவர். அம்மா படலையை அகலத் திறந்து, உள்ளேயிருந்து கதிரையை இழுத்து மாமரத்து நிழலில் போட்டார், அவர் இன்னும் அசையாததைக் கண்டு கிட்டப் போய் அவருடைய கையைக் கம்பியிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார்.

நிண்டது போதும் தம்பி, வந்து இரு.