நடுங்காத கை

மிளகாய்ப் பழம் ஆயும் நாட்களில் ராக்காயி முகத்து வியர்வையைக் கையால் துடைக்கமாட்டாள். விரல் பட்ட இடமெல்லாம் எரியும். தோளை உயர்த்திச் சட்டைக் கையில் கண்ணை ஒற்றிக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்வாள். கனகராயன்குளத்தில் தவராசாவின் தோட்டத்தில் அன்றைக்கும் அப்படித்தான் நகர்ந்துகொண்டிருந்தாள். வரம்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தோட்டக்காரர் தவராசாவே வந்தார்.

"என்ன ராக்காயி, உன்ரை பெட்டை கம்பசுக்கு எடுபட்டிட்டாளாம்! எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"யுனிவர்சிட்டிக் கடுதாசி நேத்துத்தாங்க வந்திச்சு மொதலாளி."

"கெட்டிக்காரி. இனி மெடிக்கல் செக்கப் ஒண்டுதான் மிச்சம்." தவராசாவுக்குப் பகிடி வந்துவிட்டது. "கவனம், கள்ளுக் குடிச்சிட்டுப் போகவேண்டாமெண்டு சொல்லு. என்ரை மச்சான் ரயில்வே வேலைக்குப் போகேக்கை, இரத்தத்தை எடுத்துப் பாத்திட்டு, போன மாசம் குடிச்சதையும் சொல்லிப்போட்டாங்களாம்!"

மிளகாய் ஆய்ந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். ராக்காயியும் சிரித்தாள். கை மட்டும் ஒரே செடியில் நின்றுவிட்டது.

மகள் கமலாட்சி மருந்துக் குளிசை எடுப்பது அந்தக் குடியிருப்பில் எவருக்கும் தெரியாது. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு எரிந்தபோது அப்பனைப் பறிகொடுத்துவிட்டு, தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்த பிள்ளை. படிப்பில் நெருப்பு. பெரிய வகுப்புக்கு வந்த வருஷம் நித்திரை போயிற்று. சுவருக்குள் ஆட்கள் கதைக்கிறார்கள் என்றாள். சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினாள். டவுன் ஆஸ்பத்திரி டொக்டரின் குளிசைதான் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது. மாதந்தோறும் ராக்காயி பஸ் ஏறிப் போய் அதை வாங்கிவருவாள். யாராவது கேட்டால், "எனக்குத்தான், மூச்சு இழுக்கிற தொய்வுக்கு" என்பாள். குளிசையால் கமலாட்சிக்குக் கை நடுங்கும். அந்தக் கையால்தான், ஒரு வருஷம் பிந்தி, சோதனை எழுதிப் பாஸ் பண்ணினாள்.

அன்று பின்னேரம் வாசலில் மெடிக்கல் விண்ணப்பத்தை மடியில் வைத்தபடி கமலாட்சி இருந்தாள்.

"மனநோய் இருந்ததான்னு கேட்டிருக்கும்மா. என்ன எழுத?"

"இல்லைன்னு எழுது."

"பொய்யாம்மா?"

"இப்ப ஒனக்கு என்ன இருக்கு? கல்லு மாதிரி இருக்கதானே? எழுது புள்ள." ராக்காயி குரலை இறக்கினாள். "குளிசையையும் நிப்பாட்டிருவோம். ரத்தத்துல தெரிஞ்சிருமாம்."

"நிப்பாட்டவே கூடாதுன்னு டொக்டர் சொன்னாரேம்மா."

"மெடிக்கல் முடியிற மட்டுந்தான். அப்பறம் தின்னு, யாரு வேணாங்கிறா?"

டொக்டரிடமே கேட்கலாம்தான். ஆனால் மெடிக்கலும் அதே ஆஸ்பத்திரியில். அவரே போய்ச் சொல்லிவிட்டால்? அயலில் கேட்கவும் வழியில்லை. வாயைத் திறந்தால், எதுக்குக் கேக்கிறாய் என்பார்கள்.

குளிசையை நிறுத்தினார்கள். முதலில் எல்லாம் நல்லதாகவே நடந்தது. கமலாட்சியின் கை அடங்கிவந்தது. ஊசியில் தானே நூல் கோத்தாள். ஒரு தாளில் தன் பெயரை எழுதி எடுத்துவந்து காட்டினாள்.

"பாரும்மா, எழுத்து நெட்டுக்கு நிக்குது!"

ராக்காயிக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்தை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்தாள். மிளகாய்க் காரம் பிள்ளைமேல் படாமல் புறங்கையால் அதைத் தடவினாள்.

பிறகு கமலாட்சி சோற்றைக் குறைத்தாள். விறகு பொறுக்கப் போனவள் நடுவழியில் நின்று, எதிரில் ஆளில்லாத இடத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். கம்பஸ் போகிற சந்தோஷம் என்று ராக்காயி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாள் நெருங்கிவிட்டது, அதைக் கடந்துவிட்டால் போதும்.

மெடிக்கலுக்குப் புறப்படும்போது இரண்டு குளிசைகளைச் சேலைத் தலைப்பில் இறுக்கி முடிந்துகொண்டாள். எல்லாம் முடிந்து வெளியே வந்த உடனே கொடுத்துவிட வேண்டும்.

ஆஸ்பத்திரி மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். கமலாட்சி சுவரோடு காதைச் சாய்த்துக்கொண்டு சிரித்தபடி இருந்தாள். உள்ளே போய் வந்த ஒரு பெடியனை ராக்காயி மறித்தாள்.

"ரத்தம் எடுத்தாங்களா தம்பி?"

"இரத்தமோ? ஒண்டும் எடுக்கேல்லை அம்மா. நிறை பாத்தவை, நெஞ்சிலை குழாய் வைச்சவை, கண் பாத்தவை. அவ்வளவுதான்."

ராக்காயி அந்த இடத்திலேயே முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். நகம் நுழையவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நிறை சரி. நெஞ்சு சரி. ராக்காயி கதவோரம் நின்று பார்த்தாள். குளிசை தருகிற டொக்டர் இல்லை, வேறொருவர்தான் இருந்தார். அவர் எழுதிக்கொண்டே, சுவரில் தொங்கிய எழுத்து அட்டையை வாசிக்கச் சொன்னார். கமலாட்சி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மேலேயிருந்து ஒவ்வோர் எழுத்தாக விரலால் சுட்டி வாசித்தாள். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. கடைசி வரி பொடி எழுத்து. அதையும் வாசித்தாள்.

"நல்ல கண்," என்றார் டொக்டர். "காணும் பிள்ளை, நிப்பாட்டும்."

கமலாட்சி நிறுத்தவில்லை. அட்டைக்குக் கீழே, வெறும் சுண்ணாம்புச் சுவரில், அடுத்த வரியை வாசித்தாள். அதற்கும் அடுத்ததை. எழுத்துகள் சொற்களாயின.

"கதவச் சாத்துங்க... வந்துட்டாங்க... அப்பா உள்ளுக்கு இருக்காரு..."

டொக்டரின் பேனை நின்றது. அவர் கதவோரம் திரும்பினார்.

"அம்மா, இவவுக்கு ஏதும் மருந்து குடுக்கிறனீங்களோ?"

ராக்காயி ஈரமான முடிச்சைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"இல்லைங்க ஐயா. ஒண்ணுமே குடுக்கல."

கமலாட்சி இன்னும் வாசித்துக்கொண்டிருந்தாள். சுவரைச் சுட்டிய விரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.